ஓசோன் தொட்டால் ஒளிரும் புகை

டீசல் பஸ் ஒன்று நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போது கக்கும் புகையில் நம் கண்ணுக்குத் தெரிவது கரி மட்டும்தான். அதோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவும் வெளியே வருகிறது. ஒரு நைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவே அதன் உடம்பு. இது டீசலுக்குள் இருந்த பொருள் அல்ல. எஞ்சினுக்குள் சூடு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, காற்றில் சாதுவாகக் கிடக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. நாம் மூச்சு விடும் காற்றே நெருப்பில் வெந்து மாசாகித் திரும்பி வருகிறது.

வெளியே வந்த நைட்ரிக் ஆக்சைடு, காற்றில் கொஞ்சமாக இருக்கும் ஓசோனைச் சந்திக்கிறது. ஓசோனில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள். அவற்றில் ஒன்றை நைட்ரிக் ஆக்சைடு பறித்துக்கொண்டு நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. அப்படிப் பிறக்கும் மூலக்கூறுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று அளவுக்கு மிஞ்சிய ஆற்றலோடு பிறக்கிறது. அந்த மிச்ச ஆற்றலை இறக்கி வைக்க அதற்குள்ள வழிகளில் ஒன்று, ஒளியாக உமிழ்ந்துவிடுவது.

அப்படியென்றால் வண்டிகள் ஓடும் ஒவ்வொரு சாலையிலும் இரவும் பகலும் இந்த ஒளி பிறந்துகொண்டேயிருக்கிறது. நாம் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அது மிக மிக மங்கல். அதில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு. ஏறக்குறைய 600 நானோமீட்டரில் சிவப்பாகத் தொடங்கி, 1,200 நானோமீட்டர் பக்கம் உச்சத்துக்குப் போய், 3,000 வரை நீளும் ஒளி இது. மனிதக் கண்ணின் எல்லையோ 700-ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. ஆனால் உலகின் பெருநகரங்களில் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தினமும் அறிவிக்கப்படும் எண்களில் ஒன்று, இந்த ஒளியை ஓர் இருட்டறைக்குள் பிடித்து எண்ணித்தான் வருகிறது. இந்த அளவீட்டு முறைக்கு வேதியொளிர்வு என்று பெயர்.

சூடே இல்லாமல் வேதிவினையிலிருந்து ஒளி வருவது மனிதருக்குப் புதிதல்ல. மின்மினியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1669-ல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பாஸ்பரஸைப் பிரித்தபோது, அது இருட்டில் தானாக ஒளிர்ந்தது. குற்றம் நடந்த இடத்தில் ரத்தக் கறையைத் தேடும் போலீஸ் தெளிக்கும் லூமினாலும் இந்த வகைதான். நைட்ரிக் ஆக்சைடும் ஓசோனும் சேரும்போது வரும் ஒளியை 1950-களின் இறுதியிலிருந்து ஆய்வாளர்கள் நிறம் நிறமாகப் பிரித்துப் படித்தார்கள். 1967-ல் கேம்பிரிட்ஜில் கிளஃப், திரஷ் என்ற இருவர் அந்த வினையின் வேகத்தையும் ஒளியின் அளவையும் துல்லியமாக அளந்தார்கள். அதுவரை அது வேதியியலாளரின் ஆர்வத்துக்கான விஷயம். 1970-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆர்தர் ஃபோன்டைனும் அவருடைய இரண்டு சகாக்களும் அதைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டு வாயு சேர்ந்தால் எவ்வளவு ஒளி என்று தெரியுமானால், ஒளியை அளந்து வாயு எவ்வளவு என்று சொல்லிவிடலாமே! ஓசோனைத் தேவைக்கு மேல் கொட்டிவிட்டால், ஒளியின் அளவைத் தீர்மானிப்பது நைட்ரிக் ஆக்சைடின் அளவு ஒன்றுதான். வாயு இரண்டு மடங்கானால் ஒளியும் இரண்டு மடங்கு. அளவைக் கலையில் இவ்வளவு நேரான உறவு கிடைப்பது பெரிய கொடை.

கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்காணிப்பு நிலையத்தின் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியே வெளிக்காற்று இறங்குகிறது. டெஃப்ளான் வடிகட்டியில் தூசி நின்றுவிடுகிறது. குழாயும் டெஃப்ளான்தான், ஏனென்றால் வேறு பொருளாக இருந்தால் வாயு அதன் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடக்கூடும். இன்னொரு பக்கம், உலர்ந்த காற்றில் மின்சாரம் பாய்ச்சி ஓசோன் தயாராகிறது. இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோக அறையில் வந்து கலக்கின்றன. அங்கே ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியிலிருந்து நுழையக் கூடாது.

அந்த அறையை ஒரு பம்ப் ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே காற்றழுத்தம் வெளியில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். இந்த ஏற்பாடு இல்லையென்றால் கருவியே இல்லை. ஆற்றலோடு பிறந்த மூலக்கூறு ஒளியை உமிழக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதற்குள் பக்கத்தில் திரியும் நைட்ரஜன், ஆக்சிஜன், நீராவி மூலக்கூறுகள் அதை இடித்து ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டுவிடும். திருவிழாக் கூட்டத்துக்குள் நிறைகுடம் சுமந்து போகிறவர் தண்ணீர் சிந்தாமல் கரை சேர்வது எவ்வளவு அரிதோ, சாதாரணக் காற்றழுத்தத்தில் இந்த மூலக்கூறு தன் ஒளியைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவ்வளவு அரிது. பம்ப் கூட்டத்தைக் கலைக்கிறது. சாலையில் பிறக்கும் ஒளி அவ்வளவு மங்கலாக இருப்பதற்கும் இந்தக் கூட்டமே காரணம்.

ஒளி பிறந்த பிறகு அது ஒரு சிவப்புக் கண்ணாடியைக் கடக்கிறது. நகரக் காற்றில் ஓசோனோடு சேர்ந்து ஒளிரும் வாயுக்கள் வேறும் உண்டு. எத்திலீன் அப்படி ஒன்று, அதன் ஒளி நீலம். சிவப்புக் கண்ணாடி நீலத்தை நிறுத்திவிடும். கடந்து வந்த ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் வாங்கிக்கொள்கிறது. ஓர் ஒளித்துகள் விழுந்தால் ஓர் எலக்ட்ரான் கிளம்பும். அது அடுத்த தகட்டில் மோதிச் சிலவற்றைக் கிளப்பும், அவை அதற்கடுத்த தகட்டில் இன்னும் பலவற்றை. கடைசித் தகட்டுக்கு வரும்போது ஒன்று பத்து லட்சம் போல ஆகியிருக்கும். சூடு இருந்தால் ஒளி விழாமலேயே எலக்ட்ரான்கள் கிளம்பிவிடும் என்பதால் குழாயைக் குளிரவைத்தே வைத்திருக்கிறார்கள். அகச்சிவப்பின் ஆழத்துக்கு இந்தக் குழாயும் எட்டாது. மொத்த ஒளியின் சிவப்பு ஓரத்தில் கிடைக்கும் சிறு துண்டைக்கொண்டே அது கணக்குச் சொல்கிறது. அந்தத் துண்டை வைத்து, நூறு கோடி மூலக்கூறுகளில் ஒன்றுக்கும் குறைவான நைட்ரிக் ஆக்சைடைக்கூட நல்ல கருவிகள் கண்டுபிடித்துவிடுகின்றன. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பு அடங்குவதில்லை.

ஆனால் சட்டம் வரம்பு கட்டியிருப்பது நைட்ரிக் ஆக்சைடுக்கு அல்ல, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு. மூச்சுக்குழாயை அரிப்பதும், ஆஸ்துமாவை முற்றவைப்பதும், வெயிலில் உடைந்து புது ஓசோன் உண்டாக வழி செய்வதும் அதுதான். அது ஓசோனோடு சேர்ந்து இப்படி ஒளிராது. அதனால் கருவிக்காரர்கள் ஒரு சுற்றுவழி பிடித்தார்கள். காற்றை ஒரு முறை நேராக அறைக்குள் விடுவது. அடுத்த முறை, 320 டிகிரி பக்கம் சூடான மாலிப்டினம் உலோகத்தின் வழியே விடுவது. சூடான மாலிப்டினம் நைட்ரஜன் டை ஆக்சைடிடமிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கி அதை நைட்ரிக் ஆக்சைடாக்கிவிடும். முதல் அளவில் தெரிவது நைட்ரிக் ஆக்சைடு மட்டும், இரண்டாவதில் இரண்டும் சேர்ந்த மொத்தம். கழித்தால் வருவது நைட்ரஜன் டை ஆக்சைடு. சில நொடிகளுக்கு ஒரு முறை ஒரு வால்வு மாறி மாறித் திறந்து நாள் முழுவதும் இந்தக் கழித்தலைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த முறை அரியணை ஏறிய கதை, அளவீடு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971-ல் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்தபோது, ஜேக்கப்ஸ்-ஹோக்ஹைசர் முறையால் அளக்கச் சொன்னது. காரக் கரைசல் ஒன்றில் 24 மணி நேரம் காற்றைக் குமிழிவிட்டு, பிறகு ஆய்வகத்தில் நிறமேற்றி, நிறத்தின் அடர்த்தியிலிருந்து கணக்கிடும் முறை அது. கரைசல் எவ்வளவு வாயுவைப் பிடிக்கும் என்பது எப்போதும் ஒரே விகிதம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் காற்றில் வாயு கூடினால் ஒரு விகிதம், குறைந்தால் இன்னொரு விகிதம். நைட்ரிக் ஆக்சைடும் குறுக்கே வந்து குழப்பியது. எந்த நகரம் வரம்பை மீறியது, எது மீறவில்லை என்ற பட்டியலே ஆட்டம் கண்டது. 1973-ல் முகமை அந்த முறையைக் கைவிட முன்வந்தது. மாற்று முறைகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1976 டிசம்பரில் வேதியொளிர்வை அதிகாரபூர்வ முறையாக அறிவித்தது. ஆலைக்காரர்களும் கார் கம்பெனிகளும் கோர்ட்டுக்கு இழுக்கத் தயாராக இருந்த காலத்தில், தன் அளவுகோலே கோணல் என்று ஓர் அரசு அமைப்பு ஒத்துக்கொண்டது சாதாரண விஷயமல்ல. அதை நான் மனமார மதிக்கிறேன்.

பிடிக்கும் விகிதம் தடுமாறாமல் இருக்க, அந்தப் பழைய முறையில் சோடியம் ஆர்சனைட் சேர்த்துச் சீர்திருத்தினார்கள். அந்தச் சீர்திருத்த வடிவம் இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 நவம்பரில் வெளியிட்ட தேசியக் காற்றுத் தர வரம்புகளில், நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க இரண்டு முறைகளுக்கு இடமுண்டு: இந்த ஆர்சனைட் முறை ஒன்று, வேதியொளிர்வு இன்னொன்று. ஆள் போய்க் கரைசல் மாற்றும் நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஆண்டுக்கு 104 நாள் அளப்பது ஏற்பாடு. சென்னையில் ஆலந்தூர் பஸ் டிப்போ, மணலி, வேளச்சேரி போன்ற இடங்களில் உள்ள தொடர் கண்காணிப்பு நிலையங்களோ எல்லா நாளும், எல்லா மணியும் அளப்பதற்காக வைத்தவை. காலை எட்டு மணி நெரிசல் வேறு, மதியம் இரண்டு மணி வேறு, நள்ளிரவில் லாரி போகும் நேரம் வேறு. 24 மணி நேரத்தை நாலு மணி நேரத்துக்கு ஒரு குப்பியாகப் பிரித்தாலும் இந்த வேறுபாடுகள் தெரியாது. நொடிக்கு நொடி எண்ணும் ஒளிக்குத் தெரியும்.

நொடிக்கு நொடி எண்ண முடிந்ததால்தான் உலகத்தின் மிகப் பெரிய வாகனப் புகை மோசடியும் வெளியே வந்தது. 2013-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, டீசல் கார்கள் ஆய்வகத்தில் காட்டும் சுத்தத்தைச் சாலையிலும் காட்டுகின்றனவா என்று பார்க்கக் கிளம்பியது. டேன் கார்டர் தலைமையில் மார்க் பெஷ், அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் அதில் இருந்தார்கள். காரின் பின்பக்கத்தில் அளவீட்டுக் கருவியை ஏற்றி, புகைக்குழாயோடு இணைத்து, மின்சாரத்துக்கு ஜெனரேட்டரையும் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். அந்தக் கருவி நைட்ரஜன் ஆக்சைடுகளை அளந்தது வேதியொளிர்வால்தான். ஃபோக்ஸ்வாகன் பாசாட் கார் மட்டும் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் ஓடியது, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை போய்த் திரும்பியது உட்பட. கலிபோர்னியா ஆய்வகத்தில் ஒழுங்காகத் தேறிய அதே கார், சாலையில் வரம்பைப் போல் 5 முதல் 20 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கியது. ஃபோக்ஸ்வாகனின் ஜெட்டா காரில் இது 15 முதல் 35 மடங்கு. உடன் ஓட்டிப் பார்த்த பி.எம்.டபிள்யூ கார் பெரும்பாலும் வரம்புக்குள் நின்றதால், கருவியில் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. முடிவுகள் 2014-ல் வெளியாயின. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகனுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சோதனை நடக்கிறது என்று மோப்பம் பிடித்து, அந்த நேரத்தில் மட்டும் புகையைச் சுத்தம் செய்யும் மென்பொருள் அந்தக் கார்களில் இருந்தது. உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகளில் அது இருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இதே ஒளி மருத்துவத்துக்குள்ளும் புகுந்தது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஏதோ ஒரு பொருளை அவற்றின் உட்சுவர் சுரக்கிறது என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980-ல் காட்டியிருந்தார். அது என்ன என்று பல ஆண்டுகள் உறுதிப்படவில்லை. 1987-ல் இங்கிலாந்தில் பாமர், ஃபெரிஜ், மொன்காடா மூவரும் உட்சுவரின் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுவதை வேதியொளிர்வால் அளந்து காட்டினார்கள். சாலையில் நாம் மாசு என்று எண்ணும் வாயு, உடம்புக்குள் செய்தி கொண்டுபோகும் தூதன்! இந்த ஆராய்ச்சித் துறைக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1991-ல் மனித மூச்சுக்காற்றிலேயே நைட்ரிக் ஆக்சைடு இருப்பதை ஸ்வீடனில் கண்டார்கள். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சில் அது கூடுதல் என்பது 1993-ல் தெரிந்தது. மூச்சை ஊதச் சொல்லி அந்த ஒளியை எண்ணும் பரிசோதனைக் கருவிக்கு 2003-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. புகையால் வீங்கிய மூச்சுக்குழாயும் அந்தப் புகையும் ஒரே ஒளியின் மூலம் தம்மைத் தெரிவித்துக்கொள்கின்றன.

இந்த முறைக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நைட்ரிக் ஆக்சைடு விஷயத்தில் அதை மிகவும் நம்பலாம். நைட்ரஜன் டை ஆக்சைடு கழித்து வரும் எண் என்பதை மறக்கக் கூடாது. சாலையோரத்தில் முதல் அளவுக்கும் இரண்டாவது அளவுக்கும் நடுவில் ஒரு லாரி கடந்துவிட்டால், அந்தக் கணத்தின் கழித்தல் தவறிப்போகும். பூஜ்யத்துக்குக் கீழே போவதும் உண்டு. சராசரி எடுக்கும்போது அது சரியாகிவிடும். சரியாகாத குறை மாலிப்டினத்தில் இருக்கிறது. அது நைட்ரஜன் டை ஆக்சைடை மட்டும் மாற்றுவதில்லை. நைட்ரிக் அமிலம், நைட்ரஸ் அமிலம், வெயிலில் உருவாகும் கரிம நைட்ரேட்டுகள் ஆகியவற்றையும் நைட்ரிக் ஆக்சைடாக்கிவிடும், கருவியும் அவற்றையெல்லாம் நைட்ரஜன் டை ஆக்சைடு என்றே எண்ணிவிடும். மெக்சிகோ நகரில் 2003-ல் நடந்த ஒப்பீட்டில், பிற்பகல் வேளைகளில் இந்தப் பிழை 50 சதவீதம் வரை போனது. காலையில் புதுப் புகை நிறைந்த நேரத்தில் பிழை சிறியது. வெயில் ஏற ஏற அது வளர்கிறது. இதற்கு மாற்று இருக்கிறது. மாலிப்டினத்துக்குப் பதில் 395 நானோமீட்டர் பக்கத்து ஊதா ஒளியைப் பாய்ச்சினால், பெரும்பாலும் நைட்ரஜன் டை ஆக்சைடு மட்டும் உடையும். ஆராய்ச்சி நிலையங்கள் அப்படித்தான் செய்கின்றன.

ஈரப்பதம் இன்னொரு தொல்லை. நீராவி மூலக்கூறு ஒளியைத் திருடுவதில் கெட்டிக்காரி. உலர்ந்த வாயுவை வைத்துச் சரிபார்த்த கருவி, கடற்கரை நகரத்தின் புழுக்கத்தில் கொஞ்சம் குறைத்தே காட்டும். காற்றை உலர்த்தி உள்ளே விடும் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. இவை எல்லாவற்றுக்கும் மேல், அளவு தெரிந்த நைட்ரிக் ஆக்சைடு அடைத்த சிலிண்டரைக் கொண்டு கருவியை அவ்வப்போது சரிபார்த்தே ஆக வேண்டும். சரிபார்க்கும் வழியும் அழகானது. தெரிந்த அளவு நைட்ரிக் ஆக்சைடோடு தெரிந்த அளவு ஓசோனைச் சேர்ப்பார்கள். எவ்வளவு ஒளி குறைகிறதோ அவ்வளவு நைட்ரஜன் டை ஆக்சைடு உருவாகியிருக்கும். அதை மாலிப்டினம் முழுசாகத் திருப்பித் தருகிறதா என்று பார்ப்பார்கள். திருப்பித் தரும் விகிதம் 96 சதவீதத்துக்குக் கீழே போனால் அமெரிக்க விதிப்படி மாலிப்டினத்தை மாற்றியாக வேண்டும். கருவியின் உயிர்நாடியான வினையே கருவிக்கு நீதிபதியாகவும் இருக்கிறது. வினையைத் தலைகீழாக்கி, நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டி ஓசோனை அளக்கவும் முடியும். அமெரிக்கா 2015-ல் அதையும் அதிகாரபூர்வ முறைகளில் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவு நுட்பமும் கடைசியில் ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. குடியிருப்புப் பகுதிகளில் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 2009-ல் இந்தியா வகுத்த வரம்பு, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம். ஏறக்குறைய நூறு கோடி மூலக்கூறுகளில் 21. உலக சுகாதார நிறுவனமும் 2005-ல் 40 என்றுதான் சொல்லியிருந்தது. குறைந்த அளவிலேயே தீங்கு நேர்வதற்கான ஆதாரங்கள் சேர்ந்த பிறகு, 2021-ல் அதை 10 ஆக இறக்கியது. ஒரு நாளைய வரம்பு நம்மிடம் 80, அவர்களிடம் 25. ஆகவே அறிக்கையில் "வரம்புக்குள்" என்று படிக்கும்போது, எந்த வரம்பு என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும்.

தொடர் நிலையங்களின் அளவுகளை மத்திய வாரியத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள நிலையத்தைத் தேடி, நைட்ரஜன் டை ஆக்சைடு வரிசையை மணிவாரியாக ஒரு வாரத்துக்குப் பாருங்கள். காலையிலும் இரவிலும் ஏறுகிறதா, பள்ளி விடும் நேரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று கவனியுங்கள். வரிசையில் வெற்றிடங்கள் இருந்தால், கருவி ஏன் நின்றது, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.